நாவடி ஊற்று

திருச்சுழிக்கு அப்பெயர் வந்த காரணத்தைத் தலபுராணம் சுவையாகக் கூறுகிறது. பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் தமது சூலத்தால் பூமியைத் துளைத்தாராம். வெள்ளம் முழுவதும் சுழித்துக்கொண்டு அத்துவாரத்தின் வழியே உள்ளே இறங்கிவிட்டதாம். அன்று விழுங்கிய தண்ணீரைப் பூமிதேவி இன்னும் திருப்பித் தரவில்லை போலும்! அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையில் வெயில் வேளையில் சென்று பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கரிசற் காடு, பனைமரம், மழைக் காலத்தில் மட்டும் தண்ணீர் காணும் குண்டாறு, அந்த மழையையே நம்பி வாய் பிளந்து கிடக்கும் கண்மாய்கள். வானம் பார்த்த பூமி என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இத்தகைய சீமையில் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. ஆயினும், ஒவ்வொருவர் வாயினுள்ளும் அமைந்திருக்கும் சிறு ஊற்றுக்களைப் பற்றி எவரும் பேசக் காணோம். அவை சுரக்கும் வரையில் நமக்கு அவற்றின் நினைவே இருப்பதில்லை. வற்றிய பிறகுதான் அருமை தெரிகிறது. இவ்வாரம் அந்த ஊற்றுக்களைப் பற்றியும், அவற்றுக்கு வேண்டிய இரத்தத்தை வரவழைக்கும் இரசாயனத் தூதுவர்களைப் பற்றியும் சிறிது ஆராய்வோம்.

காதின் அடியில் இரண்டு, கீழ்த்தாடையின் உட்புறத்தில் இரண்டு, நாவின் அடியில் இரண்டு என மூன்று இணைச் சுரப்பிகள் நமக்கு உண்டு. கன்னம், உதடு, அண்ணம் ஆகிய இடங்களில் பரவியிருக்கும் நுண்ணிய சுரப்பிகள் பல நூறு. இவையெல்லாம் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரையில் உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் தண்ணீர்தான். எஞ்சிய ஒரு பங்கிலேதான் சோற்றின் மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றும் சத்தும், கிருமிகளை எதிர்க்கும் சத்தும், பற்களைக் காக்கும் உப்புக்களும் அடங்கியிருக்கின்றன. குழம்பு கலவாத சோற்றுப் பருக்கைகளை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரின் வேலையை அறிய இதைவிட எளிய சோதனை வேறில்லை.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்துதான். அப்படியானால், மணலில் தண்ணீர் கசிவதைப்போல் இரத்தத்தின் அழுத்தத்தால் நீர் கசிந்து வாய்க்கு வந்துவிடுகிறதா? வெகு காலம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1850-ஆம் ஆண்டை ஒட்டி, கார்ல் லுட்விக் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் அதை அளந்து பார்த்தார். ஒரு நாயின் தாடையடிச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பைத் தூண்டிவிட்டு, உமிழ்நீர்க் குழாயில் ஏறும் அழுத்தத்தையும் இரத்தக் குழாயின் அழுத்தத்தையும் ஒப்பிட்டார். உமிழ்நீரின் அழுத்தம் இரத்தத்தின் அழுத்தத்தை மிஞ்சிவிட்டது! பள்ளத்திலுள்ள தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. ஆகவே, சுரப்பியின் உயிரணுக்கள் தம் முயற்சியாலேயே நீரை இறைக்கின்றன என்பது தெளிவாயிற்று. நமது கரிசற் சீமைப் பாஷையிலே சொன்னால், அது மடை திறந்து பாயும் கண்மாய் அன்று. கமலை கட்டி இறைக்கும் கிணறு.

கமலை ஓடினால் மட்டும் போதுமா? இறைக்கும் வேகத்துக்கு ஏற்றபடி ஊற்றும் சுரக்கவேண்டும். இல்லாவிட்டால் நாலு சாலில் கிணறு வறண்டுவிடும். அதுபோலவே, சுரப்பி வேலை செய்யும்போது அதற்கு வந்து சேரும் இரத்தமும் பெருகவேண்டும். உண்மையில் அது பத்து மடங்குக்கு மேலும் பெருகுவதுண்டு.

இந்தப் பெருக்கைத் தெளிவாகக் கண்டு எழுதியவர் பிரான்ஸ் தேசத்து மேதை கிளாட் பெர்னார். 1858-ஆம் ஆண்டில் அவரும் நாயின் தாடையடிச் சுரப்பியையே ஆராய்ந்தார். அச்சுரப்பிக்கு இரண்டு வகை நரம்புகள் வருகின்றன. ஒன்று, காதினுள்ளே செவிப்பறையை ஒட்டிச் சென்று, பிறகு நாவின் நரம்போடு கூடி வந்து சேர்வது. மற்றொன்று, கழுத்தின் வழியாக இரத்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டு வருவது. முதல் நரம்பைத் தூண்டியதும் உமிழ்நீர் பெருகிற்று. அதோடு, சுரப்பியிலிருந்து திரும்பிச் செல்லும் சிரையின் இரத்தம் கறுப்பு மாறிச் செக்கச் செவேலென்று துடித்துக்கொண்டு ஓடிற்று. இரண்டாம் நரம்பைத் தூண்டியதும் இரத்த ஓட்டம் சுருங்கி, சிரையின் இரத்தம் முன்னைவிடக் கறுத்தது.

சிரையின் இரத்தம் சிவப்பது ஏன்? சுரப்பி அப்போது பிராணவாயுவைக் குறைவாகச் செலவிடுகிறது என்று எண்ணலாகாது. அது மிகுதியாகவே செலவிடுகிறது என்பதைப் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பார்க்ராப்ட் அளந்து காட்டினார். ஆனால் செலவைவிட வரவு பல மடங்கு அதிகமாகிவிடுகிறது. இரத்தம் அவ்வளவு விரைவாக ஓடுவதால், சுரப்பி எடுத்துக்கொண்டது போக மிச்சமும் சிவப்பாகவே திரும்புகிறது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "உழைக்கிற உறுப்புக்கு இரத்தம் தானாகவே கூடுதலாக வரும், இதில் என்ன அதிசயம்? கமலை ஓடினால் ஊற்று சுரப்பது இயல்புதானே?" என்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை கண்டவர்கள் மிகவும் எளிய ஒரு பொருளின் உதவியை நாடினார்கள். நம் ஊர் வரப்பு ஓரங்களிலும் குப்பை மேடுகளிலும் பூத்து நிற்கும் ஊமத்தையில் உள்ள நஞ்சின் இனத்தைச் சேர்ந்தது அது.

ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு வாய் வறண்டு, கண்ணின் பாவை விரிந்து, சித்தம் கலங்கும் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். அதற்குக் காரணமான சத்துக்களோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது அட்ரோபின் என்னும் மருந்து. 1872-ஆம் ஆண்டில், பிரெஸ்லௌ நகரத்துப் பேராசிரியர் ஹைடன்ஹைன் ஒரு பிராணிக்கு அட்ரோபினைச் செலுத்திவிட்டு, பெர்னார் தூண்டிய அதே நரம்பைத் தூண்டினார். ஒரு துளி உமிழ்நீரும் வரவில்லை. ஆனால் இரத்தமோ வழக்கம்போல் பெருகி ஓடிற்று!

இதன் பொருளை நன்கு கவனிக்கவேண்டும். கமலை நின்றுவிட்டது, ஊற்று மட்டும் பொங்குகிறது. ஆகவே, இறைப்பதனால்தான் ஊற்றுச் சுரக்கிறது என்பது பொருந்தாது. ஒரே நரம்பின் வழியாக இரண்டு கட்டளைகள் செல்கின்றன: "நீரை இறை" என்பது ஒன்று, "இரத்தத்தைத் திறந்து விடு" என்பது மற்றொன்று. முதற் கட்டளையை ஊமத்தை இனத்து மருந்து அடைத்துவிடுகிறது. இரண்டாவதை அதனால் அடைக்க முடியவில்லை.

அந்தக் கட்டளைகள் எந்த உருவத்திலே செல்கின்றன? நரம்பின் நுனிக்கும் உயிரணுவுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதைக் கடக்க ஓர் இரசாயனப் பொருள் வேண்டும் என்பதை 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் தவளையின் இருதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். அவரும் ஆங்கிலேய அறிஞர் ஹென்றி டேலும் 1936-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பொருளின் பெயர் அசெட்டைல் கோலின். உமிழ்நீரை இறைக்கச் சொல்லும் தூதுவர் இவரே. அட்ரோபின் வழிமறிப்பதும் இவரைத்தான்.

இரண்டாவது தூதுவர் யார்? இக்கேள்வி விஞ்ஞானிகளை நூறாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. "வேறு தூதுவரே இல்லை, சுரப்பியின் உழைப்பில் உண்டாகும் கழிவுப் பொருள்களே இரத்தக் குழாயை விரிக்கின்றன" என்றார் பார்க்ராப்ட். "அதே அசெட்டைல் கோலின்தான், ஆனால் இரத்தக் குழாயை ஒட்டினாற்போல் வெளிவருவதால் அட்ரோபின் அங்கே நுழைய இடமில்லை" என்றார் டேல். 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மற்றொரு பெயர் அடிபட்டது. அதன் வரலாறு பாம்பிலே தொடங்குகிறது.

1949-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ரோச்சா இ சில்வா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், அந்நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை இரத்தத்தோடு கலந்தபோது, இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருள் பிறப்பதைக் கண்டார்கள். அதற்குப் பிராடிகைனின் என்று பெயரிட்டார்கள். உமிழ்நீரிலும் அதைப் போன்ற பொருளை உண்டாக்கும் கல்லிக்ரீன் என்னும் சத்து இருப்பது முன்பே தெரிந்திருந்தது. "சரிதான், சுரப்பிக்கு இரத்தத்தை வரவழைப்பது இதுவே" என்று ஹில்டன், லூயிஸ் என்னும் இருவர் வாதித்தார்கள். வாதம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுரப்பியில் கல்லிக்ரீனை மிகவும் குறைத்துவிட்ட பிறகும், நரம்பைத் தூண்டினால் இரத்தம் பெருகவே செய்தது. ஆயினும் அந்த உழைப்பு வீணாகவில்லை. அதே விரியனின் நஞ்சைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாகவே, இன்று உலகமெங்கும் இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்படும் ஒரு வகை மாத்திரைகள் தோன்றின.

உண்மையான தூதுவர் வேறொரு வாசல் வழியாக வந்தார். 1970-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தில் சையத், மட் என்னும் இரு அறிஞர்கள் பன்றியின் குடலிலிருந்து இருபத்தெட்டு அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தக் குழாய்களை விரிப்பதில் அது மகா சமர்த்து. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'வி.ஐ.பி.' என்று அழைக்கலாயினர். பெரிய மனிதர்களுக்கு நாம் கொடுக்கும் பட்டமும் அதுவே என்பது தற்செயலாக நேர்ந்த பொருத்தம்! அவர்கள் வரும்போது வழி விடுகிறார்கள் அல்லவா? இந்த வி.ஐ.பி. வந்தால் இரத்தத்துக்கு வழி விடுகிறார்கள்.

சுமார் பத்தாண்டுகளுக்குப் பின், அதே ஸ்வீடனில் லுண்ட்பெர்க் முதலியோர் பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தார்கள். அசெட்டைல் கோலினை வெளியிடும் அதே நரம்பு நுனிகளிலே வி.ஐ.பி.யும் சேமித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். ஒரே தபால்காரர் கையில் இரண்டு கடிதங்கள்! நரம்பை மெதுவாகத் தூண்டினால் அசெட்டைல் கோலினே முக்கியமாக வெளிவருகிறது. வேகமாகத் தூண்டினால் வி.ஐ.பி.யும் தாராளமாக வருகிறது. சிறிது நீர் வேண்டும்போது இருக்கிற இரத்தமே போதும். வெள்ளமாக நீர் வேண்டும்போதுதான் ஊற்றுக் கண்ணை அகலத் திறக்கும் கட்டளை பலமாகப் பிறக்கிறது. மேலும், வி.ஐ.பி. தனியாக நின்று உமிழ்நீரை அவ்வளவாகச் சுரக்கச் செய்யாவிட்டாலும், அசெட்டைல் கோலினோடு சேரும்போது அதன் வேலைக்குக் கை கொடுக்கிறது. வி.ஐ.பி.யின் வழியை அட்ரோபினால் மறிக்க இயலாது. 1872-ல் ஹைடன்ஹைன் கண்ட புதிருக்கு இதனால் பெரும்பகுதி விடை கிடைத்தது.

பெரும்பகுதி என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரத்தக் குழாயின் உட்புறத்தில் பட்டின் நயத்தோடு மெல்லியதோர் உறை இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டால் அசெட்டைல் கோலினால் குழாயை விரிக்க முடிவதில்லை என்று 1980-ல் பர்ச்காட் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டார். அந்த உறைதான் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை உண்டாக்கிக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது என்பது பிறகு விளங்கிற்று. இதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு. ஒரு வேலைக்கு ஒரே ஆளை நம்பியிராமல் இயற்கை பல பேரை வைத்திருக்கிறது.

பயந்தவனுக்கு நா உலர்ந்துபோவது ஏன் என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடலாம். பண்டைத் தரும சாஸ்திரங்களில் சொல்லப்படும் திவ்வியச் சோதனைகளில், குற்றம் சாட்டப்பட்டவனை அரிசியை மென்று துப்பச் சொல்வதும் ஒன்று. அச்சத்தால் வாய் உலர்ந்தவன் பாடு திண்டாட்டந்தான். கழுத்து நரம்பு இரத்தத்தைச் சுருக்கிவிடுவதே இந்த வறட்சிக்குக் காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் முக்கியமான காரணம் அதுவன்று. மூளையிலிருந்து முதல் நரம்புக்குச் செல்லும் கட்டளையே நின்றுபோகிறது; தபால்காரர் புறப்படுவதே இல்லை. குற்றமற்றவனுக்கும் பயம் உண்டு என்பதை அக்கால நீதிபதிகள் நினைத்துப் பார்த்தார்களோ என்னவோ!

இவையெல்லாம் ஐரோப்பிய ஆராய்ச்சிச் சாலைகளின் கதைதானே, நம் குடும்பங்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். நம் வீட்டுத் திண்ணையிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் இக்கதைக்கு வழி இருக்கிறது.

முதலாவது, பாக்கு. வெற்றிலை போட்டதும் வாயில் நீர் பெருகுவது அதன் காரத்தால் மட்டும் அன்று. பாக்கில் உள்ள அரிகோலின் என்னும் சத்து அசெட்டைல் கோலினைப் போலவே வேஷமிட்டுச் சுரப்பியை ஏமாற்றுகிறது. வெயிலில் உழைப்பவருக்கு அது தாகத்தை மறக்கச் செய்கிறது, தீர்ப்பதில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டிருக்கிறது. தாம்பூலத் தட்டு மங்கலப் பொருளாக இருக்கட்டும். நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பொருளாக வேண்டாம்.

இரண்டாவது, பூச்சி மருந்து. பருத்திக்கும் மிளகாய்க்கும் தெளிக்கப்படும் மருந்துகளில் ஒரு வகை, உடம்பினுள் சென்றால் அசெட்டைல் கோலினை அழிக்கும் சத்தை முடக்கிவிடுகிறது. வந்த தூதுவர் திரும்பிப் போவதே இல்லை. ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறார். வாயில் நீரும் நுரையும் வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்ணின் பாவை சுருங்குகிறது, மூச்சுக் குழலிலும் நீர் கோத்து உயிர் ஊசலாடுகிறது. அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முதலில் எடுப்பது ஹைடன்ஹைன் கையாண்ட அதே அட்ரோபினைத்தான். மூச்சுக் குழலின் நீர் வற்றும் வரையில் அதை அளந்து அளந்து செலுத்துகிறார்கள். அறிகுறி கண்டவரை நாழிகை கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். ஊமத்தையும் அட்ரோபினும் ஓரினந்தானே என்று எவரும் கைவைத்தியத்தில் இறங்கிவிடக் கூடாது; அளவு தெரியாத நஞ்சு மற்றொரு நஞ்சுக்கு மருந்தாகாது. தெளிக்கும்போது முகத்தையும் கையையும் மூடிக்கொள்வதும், மிஞ்சிய மருந்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பதும் எல்லாவற்றுக்கும் மேலான மருத்துவம்.

மூன்றாவது, வயது முதிர்ந்தவர்கள். "எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வாய் ஒட்டிக்கொள்கிறது, சோறு இறங்கவில்லை" என்று அப்பத்தாவோ தாத்தாவோ சொன்னால், "வயதாயிற்று, அப்படித்தான்" என்று நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். அது சரியன்று. அரிப்புக்கும், அடிக்கடி சிறுநீர் கழிவதற்கும், மன நோய்க்கும் கொடுக்கப்படும் மாத்திரைகளில் பல, அட்ரோபினைப் போலவே அசெட்டைல் கோலினை வழிமறிப்பவை. நீரிழிவினாலும் வாய் வறளும். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் சொத்தையாகும், நாவில் புண் வரும், உணவு செல்லாமல் உடம்பு தளரும். அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டிக் கேட்கவேண்டும். நாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.

நான்காவது, புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்று நம் நாட்டில் மிகுதி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் பெருமுயற்சியால் 1954-ல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும், அதன் பின் எழுந்த மற்றவையும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் நோயைச் சுடும் கதிர்கள் அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வாட்டிவிடுவதுண்டு. அத்தகையோருக்கு எஞ்சிய உயிரணுக்களைத் தூண்டிவிட, பிரேசில் நாட்டுச் செடியொன்றிலிருந்து கிடைக்கும் பைலோகார்ப்பின் என்னும் மருந்து உதவுகிறது. அதுவும் அசெட்டைல் கோலினின் வேஷம் போடுவதே. உயிர் பிழைத்து வந்தவர், உணவை விழுங்க முடியாமல் பந்தியை விட்டு ஒதுங்கி அமர்ந்தால், அவருடைய துன்பத்தைப் பிகு என்று எண்ணாமல், குழைந்த உணவும் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீரும் தந்து உடனிருப்பது குடும்பத்தின் கடமை.

நாய், பூனை, தவளை, விரியன், ஊமத்தை, பாக்கு என்று எத்தனையோ பொருள்களை ஆராய்ந்து, நூறாண்டுக்கு மேல் பல தேசத்தார் உழைத்ததனால், நாவின் அடியில் ஒரு துளி நீர் சுரக்கும் வகையை மனிதன் இந்த அளவுக்கு அறிந்திருக்கிறான். தண்ணீரின் அருமையை அருப்புக்கோட்டைச் சீமையாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊற்று வற்றிய கிணற்றில் கமலைக்காரனை நொந்து பயனில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். வாய் உலர்ந்தவரிடமும் அந்த நியாயத்தையே காட்டுவோம். "தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு நகராமல், உள்ளே எந்தக் கட்டளை தடைப்பட்டது என்று விசாரிப்போம்.